நாவாய் அருங்காட்சியகம் அமைக்கப்போகிறவர்களுக்கு: சீதக்காதியின் கப்பலையும் காட்டுங்கள்

வணக்கம்.

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் ராமநாதபுரத்துக்கு 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் என்று அறிவித்தீர்கள். இந்தக் கடிதம் அதைத் திட்டமிடுகிறவர்கள், அறைகளை வடிவமைக்கிறவர்கள், கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒட்டும் நாலு வரியை எழுதப்போகிறவர்கள் எல்லாருக்குமானது. நான் ஆய்வாளர் இல்லை, இந்தக் கடற்கரையின் வரலாறு என்று எது கையில் கிடைத்தாலும் விடாமல் படிக்கிற ஆள். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அருங்காட்சியகம் எப்படி இருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. முதல் அறை பழைய துறைமுகமான அழகன்குளம், அதில் சந்தேகமே வேண்டாம். ரோமானியக் காசு, பானையோட்டில் கீறிய கப்பல் படம், இரண்டும் கட்டாயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். அப்புறம் சோழர் கடற்படை, பெரிய சுவரோவியத்தோடு. பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கானுக்கு ஒரு பெட்டி. அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி 1906, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி, அதற்குத் தலைவராக இருந்த பாண்டித்துரைத் தேவர் நம்ம ஊர் ஆள் என்பதால் அவர் படமும். நடுவில் இருக்கும் நூற்றாண்டுகளில் இந்தக் கரையிலிருந்து கப்பல் ஓட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு ஒரு மூலையில் சின்னப் பலகை வரும். அதில் தலைப்பாகை கட்டிய ஒருவர், கல்லறையிலிருந்து நீளும் ஒரு கை, விரலில் மோதிரம், கீழே 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி'. அந்த மூலைப் பலகையைப் பற்றித்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

அந்தக் கதையை எடுத்துவிடச் சொல்லவில்லை. புலவர் ஒருவர் பரிசில் வாங்க ஆசையோடு வருகிறார், வள்ளல் இறந்துவிட்டார் என்று கேட்டுக் கல்லறை முன்னால் நின்று பாடுகிறார், கல்லறை பிளந்து மோதிரக் கை வெளியே வருகிறது. நடந்ததா என்று யாரும் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மனிதரைப் பற்றி ஊர் இப்படி ஒரு கதை சொல்கிறது என்பதே பெரிய சாட்சி. ஆனால் அந்தப் பழமொழி ஒரு வேலை செய்துவிட்டது. கொடுத்த கையை மட்டும் நம் கண்ணில் நிறுத்திவிட்டு, அந்தக் கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்கவே விடாமல் செய்துவிட்டது. கர்ணன், பாரி வரிசையில் அவரையும் உட்காரவைத்துவிட்டோம். பாரிக்கு மலை இருந்தது, கர்ணனுக்கு அங்க நாடு இருந்தது. கீழக்கரை மரைக்காயரான சீதக்காதிக்கு நாடும் கிடையாது, மலையும் கிடையாது. அவருக்கு இருந்தது கப்பல்.

சேகு அப்துல் காதிர் மரைக்காயர் என்பதுதான் அவர் பெயர். மரைக்காயர் என்றால் கடல் வாணிபம் செய்த தமிழ் முஸ்லிம்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். கிழவன் சேதுபதி ராமநாதபுரத்தை ஆண்ட காலம் அது. அந்த நாளில் கீழக்கரையிலிருந்து என்ன போனது, என்ன வந்தது என்று பார்த்தால்தான் ஆள் புரிவார். நெசவுத் துணி போனது. சங்கு போனது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கு வங்காளம் வரை போய், டாக்கா பக்கத்துக் கைவினைஞர்கள் கையில் வளையலாக அறுபட்டு, அங்கே கல்யாணமான பெண்கள் கையில் ஏறியது. முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் முத்து. இலங்கைக்கு அரிசியும் துணியும் போக, அங்கிருந்து பாக்கு வந்தது. இன்றைக்குப் பாக்கு என்றால் யாரும் பெரிதாக நினைக்க மாட்டோம், அந்தக் காலத்தில் அது ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் சண்டை போட்ட சரக்கு. மிளகு இருந்தது. கிழக்கே மலாக்கா, அச்சே வரைக்கும் சோழமண்டலக் கரை முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் போய்வந்தன. கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் நம்பி ஓடும் தொழில். காற்று மாறும் நாளைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை சரக்கோடும் ஆட்களோடும் வேற்றூர்த் துறையில் முடங்க வேண்டியதுதான். அதற்கான செலவையும் தாங்க முதலாளிக்குக் கையிருப்பு வேண்டும்.

இதையெல்லாம் ஒரு வரைபடத்தில் போட்டாலே போதும், ஒரு சுவர் நிறைந்துவிடும். ஆனால் அதைவிடச் சுவையான சங்கதி டச்சுக்காரர்கள்.

1656இல் கொழும்பு, 1658இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் என்று போர்த்துகீசியர் வைத்திருந்த இடங்களை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வரிசையாகப் பிடித்துக்கொண்டது. கீழக்கரையிலிருந்து தெற்கே திரும்பினாலும் கிழக்கே திரும்பினாலும் வடக்கே திரும்பினாலும் அவர்கள் கொடிதான். கப்பல் எடுத்தால் அவர்களிடம் கடவுச்சீட்டு வாங்கியாக வேண்டும், எந்தத் துறைக்குப் போகிறாய், என்ன சரக்கு ஏற்றியிருக்கிறாய் என்று சொல்லியாக வேண்டும், சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துச் சரக்கை எடுத்துக்கொள்வார்கள். 1670களில் இலங்கைத் துறைகளில் நம் கரை வணிகர்கள் இஷ்டப்படி வாங்கி விற்க முடியாதபடி நெருக்கினார்கள், பாக்கு அவர்கள் ஏகபோகம் ஆனது. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த கடலில் வெளியூர்க்காரனிடம் அனுமதி கேட்டு நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த நெருக்கடிக்குள் நின்றுகொண்டுதான் மரைக்காயர் வியாபாரம் செய்தார், சம்பாதித்தார், அப்புறம் கொடுத்தார். டச்சு ஆவணங்களில் அவரைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 'பெரிய தம்பி' என்ற பெயர் எரிச்சலோடு அடிபடுகிறது. சேதுபதியிடம் அவருக்கு இருந்த செல்வாக்கு அவர்களுக்குப் பெரிய தலைவலி. அவரை ஒதுக்கிவைக்கவும் பார்த்தார்கள். எதிரி எழுதிவைத்த புகார், புலவர் பாடிய புகழைவிட நம்பகமான சாட்சி என்று நினைக்கிறேன், ஏனென்றால் டச்சுக்காரன் யாரிடமும் பரிசில் வாங்கவில்லை.

'பெரிய தம்பி' என்ற அந்தப் பெயர் ஒரே ஆளைக் குறித்ததா, அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குப் பின் ஒருவராகப் பலர் தாங்கியதா என்று ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. தயவுசெய்து அதை மறைக்காதீர்கள். பலகையில் விவாதத்தையே போடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து 'இதில் இன்னும் முடிவு வரவில்லையா?' என்று கேட்டால் அதைவிட நல்ல விஷயம் ஓர் அருங்காட்சியகத்துக்கு வேறென்ன இருக்கிறது?

அடுத்தது சேதுபதி விவகாரம். இதில்தான் உங்கள் ஆட்கள் வழுக்குவார்கள் என்று பயப்படுகிறேன். இந்து மன்னர், முஸ்லிம் வணிகர், இருவருக்கும் நட்பு, மத நல்லிணக்கம், முற்றும். படம் ஒன்று, இருவரும் கைகோத்து. பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொன்னது ஆகும். கிழவன் சேதுபதி சாதாரண ஆள் கிடையாது. மதுரை நாயக்கர் மேலாண்மையை உதறியவர், போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர். அவரிடம் டச்சுக்காரர்களுக்கு வேண்டிய ஒரு பொருள் இருந்தது, ராமேசுவரம் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவிலுள்ள கடல்வழியான பாம்பன் வாய். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வெட்டி ஆழப்படுத்தும் வரை அதில் சின்னக் கலங்கள்தான் போக முடியும், பெரிய கப்பல் என்றால் இலங்கையைச் சுற்றித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட ஒடுங்கிய வழி என்பதாலேயே அதைக் கையில் வைத்திருந்தவருக்கு மதிப்பு. சேதுபதிக்குக் கரை தெரியும், நிலம் தெரியும், வாள் தெரியும். கடலில் எந்தச் சரக்கு எங்கே என்ன விலை போகிறது, டச்சுக்காரன் எதைக் கேட்கிறான், எதை மறைக்கிறான் என்பது தெரிய அவருக்கு ஒரு மரைக்காயர் தேவைப்பட்டார். மரைக்காயருக்கோ சேதுபதியின் குடை நிழல் தேவைப்பட்டது. 'விஜயரகுநாத' என்ற பட்டத்தைச் சேதுபதி அவருக்குக் கொடுத்தார், தன் பெயரையே கொடுப்பதற்குச் சமம். ராமநாதபுரம் கோட்டை எழும்பியதில் மரைக்காயரின் கை உண்டு என்பதும் இந்தப் பக்கத்து மரபு. நட்பு இருந்தது, நம்பிக்கை இருந்தது, இருவருக்கும் ஆதாயமும் இருந்தது. ஆதாயம் இருந்தது என்று சொன்னால் நட்பு சிறுத்துவிடும் என்று ஏன் நினைக்க வேண்டும்? எனக்கு அது இன்னும் உறுதியான நட்பாகத்தான் படுகிறது.

சேதுபதிகளின் அரண்மனையான ராமலிங்க விலாசம் தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது. அதன் சுவரோவியங்களில் சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சி இருக்கிறது, அது மரைக்காயர் காலத்துக்குச் சற்றுப் பிந்தியது என்றாலும் அந்தச் சூழலை அதைவிட நன்றாக எந்தக் கணினிப் படமும் காட்டாது. புதிய கட்டடத்துக்கும் அந்த அரண்மனைக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு போட்டால் மக்கள் இரண்டையும் பார்ப்பார்கள். சும்மா தோன்றியது, சொல்லிவைத்தேன்.

சரி, கொடைக்கு வருகிறேன். படிக்காசுப் புலவர் பாடிய ஒரு பாட்டு இன்றைக்கும் தமிழாசிரியர்கள் வாயில் இருக்கிறது. ஒரு தட்டில் பொன்னையும் இன்னொரு தட்டில் நெல்லையும் வைத்துச் சமமாக விற்ற பஞ்ச காலத்தில், அன்னதானத்துக்கு நான் இருக்கிறேன் என்று மார்தட்டி நின்றவர் சீதக்காதி என்பது அதன் கருத்து. தொண்டை மண்டலத்துச் சைவப் புலவர் கீழக்கரை முஸ்லிம் வணிகரைப் பாடினார் என்று இதை எல்லாரும் சொல்வார்கள். நான் அந்தத் தராசைப் பார்க்கிறேன். பொன்னும் நெல்லும் ஒரே எடைக்குப் போகிறபோது, நெல்லை வைத்திருக்கிற வணிகனுக்கு அதைவிட நல்ல காலம் உண்டா? கிட்டங்கியை, அதாவது சரக்கறையை, பூட்டி வைத்துவிட்டு இன்னும் பத்து நாள் பொறுத்தால் இன்னும் ஏறும். வியாபாரம் தெரியாத ஒருவர் அந்த நேரத்தில் சோறு போட்டால் அது நல்ல மனசு. விலை எங்கே போகும் என்று விரல்நுனியில் தெரிந்த ஒருவர் கிட்டங்கியைத் திறந்துவிட்டுச் சோறு போடுகிறார் என்றால் அவருக்குத் தான் எதை விடுகிறோம் என்று துல்லியமாகத் தெரியும். புலவர் தராசை வைத்துப் பாட்டைத் தொடங்கியது இதனால்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. மழை பொய்த்தால் இந்தச் சீமையில் சோறு கிடையாது, அது அன்றைக்கும் அப்படித்தான். ஊருக்குள் நெல் தீர்ந்த பிறகும் அன்னதானம் நடக்க வேண்டும் என்றால் அரிசி எங்கிருந்தோ வந்தாக வேண்டும். கலம் வேண்டும், வெளித்துறைகளில் கடன் கொடுக்கும் ஆட்கள் வேண்டும், சரக்கு இறக்கித் தூக்கிவர ஆட்களும் மாடுகளும் வேண்டும், வழியில் யாரும் மறிக்காமல் இருக்க அரசர் தயவு வேண்டும். இவையெல்லாம் கைவசம் உள்ள ஒருவரால்தான் பஞ்சத்தில் ஊருக்குச் சோறு போட முடியும். அவர் கொடைக்கும் அவர் வாணிபத்துக்கும் நடுவில் கோடு கிழிக்க முடியாது. அதனால்தான் கப்பலைக் காட்டுங்கள் என்று இத்தனை முறை கேட்கிறேன்.

அந்தக் காலத்து மக்களுக்கு இது தெரிந்தே இருந்தது. அவர் பேரில் எழுந்த நொண்டி நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுத் தொழிலில் அகப்பட்டு வெட்டுப்பட்டு முடமான ஒருவன், திருந்தி, கடைசியில் சீதக்காதியிடம் வந்து சேருகிறான். அவர் தயவில் மக்கா போகிறான், இழந்த உறுப்பைத் திரும்பப் பெறுகிறான். மற்ற நொண்டி நாடகங்களில் கோவிலில் நடக்கிற அற்புதம் இதில் கடல் தாண்டி நடக்கிறது, அதற்கு வழிசெய்து அனுப்புவது வள்ளல். அற்புதத்துக்கு இறைவன், பயணத்துக்கு மரைக்காயர். இந்தக் கதையை ஒரு பத்து நிமிட நடிப்பாக, பள்ளி மாணவர்களை வைத்தே, அருங்காட்சியகத் திண்ணையில் நடத்தலாம். நொண்டி நாடகம் என்ற வகையே இன்று மேடையில் காணக் கிடைப்பதில்லை, அந்தக் குறையும் கொஞ்சம் தீரும்.

உமறுப்புலவர் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அவருக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் இருக்கிறது, பாடநூலில் இடம் இருக்கிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் எழுந்ததில் சீதக்காதியின் ஆதரவு, கீழக்கரை அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் வழிகாட்டல், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் துணை என்று மூன்றையும் மரபு சேர்த்தே சொல்கிறது. நூலுக்குள் பாராட்டப்படுகிறவர் அபுல் காசிம். எனக்கு இதில் பிடித்தது, கீழக்கரையும் பரங்கிப்பேட்டையும் கடல்வழித் தொடர்புள்ள இரண்டு துறைமுக ஊர்கள் என்பது. தமிழின் ஒரு பெருங்காப்பியத்துக்கு இரண்டு துறைமுகங்கள் செலவழித்திருக்கின்றன. உங்கள் வரைபடத்தில் இந்த இரண்டு ஊரையும் இணைத்து ஒரு கோடு போட்டுவிடுங்கள், அது போதும்.

கீழக்கரைப் பெரிய பள்ளிவாசலை நீங்கள் பெயர்த்துக்கொண்டு வர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். நம் கோவில் மண்டபங்களைக் கட்டிய அதே கல்தச்சு மரபில், தூணும் போதிகையுமாக, உருவங்கள் மட்டும் இல்லாமல் பூவும் கொடியுமாகச் செதுக்கிய பள்ளி. சீதக்காதி அடங்கியிருப்பதும் அங்கேதான். வழிபாட்டு இடம், மக்கள் தொழுகைக்கு வருகிற இடம், அதனால் ஜமாத்தோடு பேசி நல்ல படங்களாவது எடுத்து வையுங்கள். பார்வையாளர்களை அங்கே அனுப்புவதானால் எந்த நேரத்தில் போகலாம், எப்படிப் போகலாம் என்பதை ஜமாத்தே சொல்லட்டும்.

இப்போது சங்கடமான ஒன்று. முத்து, சங்கு என்று அழகாக எழுதிவிட்டேன். அதை எடுத்தவர்கள் யார்? இடுப்பில் கயிறு, காலில் கல், மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போனவர்கள். பரவர், முஸ்லிம் குளியாட்கள், இன்னும் பலர். சுறாவிடம் அகப்பட்டவர்களும் காது செவிடானவர்களும் மேலே வராமலே போனவர்களும் அவர்களில் உண்டு. எடுத்ததில் அரசர் பங்கு, கம்பெனி பங்கு, முதல் போட்டவர் பங்கு எல்லாம் போக மிச்சம்தான் அவர்களுக்கு. அவர்கள் பெயரை எந்தப் புலவரும் பாடவில்லை, டச்சுக்காரன் கணக்கில் அவர்கள் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். சீதக்காதி அறையில் இவர்களுக்கும் இடம் வேண்டும். வள்ளலின் மதிப்பு இதனால் ஒரு துளியும் குறையாது. அவர் செல்வம் கடலிலிருந்து வந்தது என்று நான் சொன்னால், கடலுக்குள் இறங்கியவர்களை விட்டுவிட்டுச் சொல்வது நியாயமில்லை. இந்தக் கரையில் சங்கு குளித்த பெரியவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கட்டடம் முடியும் வரை காத்திராமல் இப்போதே அவர்கள் பேச்சைப் பதிவுசெய்யுங்கள். அவர்களுக்கு வயதாகிறது.

கேட்பவற்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டச்சுக் கம்பெனியின் ஏடுகள் நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கொழும்பிலும் இருக்கின்றன. ராமநாதபுரம், கீழக்கரை பற்றிய பகுதிகளின் படிகளை வாங்கி, பழைய டச்சு தெரிந்தவர்களைக் கொண்டு தமிழில் பெயர்த்துச் சுவரில் மாட்டுங்கள். தமிழில் அதைப் படிக்க முடிகிற முதல் இடமாக உங்கள் அருங்காட்சியகம் ஆகலாம். கப்பலின் மாதிரியைச் சென்னையில் எங்கோ கண்ணாடியிழையில் வார்த்துக் கொண்டுவராதீர்கள். தூத்துக்குடியிலிருந்து இன்றும் மாலத்தீவுக்குத் தோணி போகிறது, காற்றுக் காலத்தில் நிறுத்தி வைத்து மறுபடி ஓட்டுகிறார்கள், அதைச் செப்பனிடும் தச்சர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமே ஒன்று செய்யச் சொல்லுங்கள், ஆள் ஏறி நடக்கும் அளவுக்கு. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் கையெழுத்துப் படிகள் வீடுகளில் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. கொடுங்கள் என்று கேட்டால் தயங்குவார்கள், வீட்டுக்கு வந்து படம்பிடித்துக்கொள்கிறோம் என்றால் பலர் கதவைத் திறப்பார்கள்.

சீதக்காதிக்குப் பின்னாலும் கீழக்கரை கடல் கடந்து சம்பாதித்து ஊருக்குச் செய்யும் பழக்கத்தை விடவில்லை. அங்கே பிறந்து இலங்கையில் வணிகத்தைத் தொடங்கிய பி.எஸ். அப்துர் ரகுமான் தன் அறக்கட்டளைக்குச் சீதக்காதி பெயரைத்தான் வைத்தார். கல்லூரிகளும் பள்ளிகளும் வந்தன. இது தனி அறைக்கான விஷயம், இப்போதைக்கு ஒரு பலகை போதும்.

கடைசியாக, அறைகளின் வரைவுத் திட்டம் தயாரானதும் ஒப்பந்தப்புள்ளி விடுவதற்கு முன்னால் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூட்டம், கீழக்கரையில் ஒரு கூட்டம். கீழக்கரைக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியம் வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று குறிப்பு எழுதாதீர்கள். ஞாயிறு மாலை வையுங்கள், சங்கு குளித்தவர்களுக்கும் தோணித் தச்சர்களுக்கும் தனியாகச் சொல்லி அனுப்புங்கள். நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைவாசி ஒருவன்